தலைக்கு மேல் இன்னொரு டிக்கி

ஐந்து பேர் கொடைக்கானல் கிளம்பினால் ஸ்வெட்டரும் போர்வையுமே டிக்கியை அடைத்துவிடும். மிச்சத்தைக் காரின் கூரையில் ஏற்றலாம் என்று, அங்கே மாட்டும் மூடி போட்ட பெட்டியான ரூஃப் பாக்ஸ் வாங்கப் போகிறோம். கடையில் முதல் கேள்வி, "இது எத்தனை லிட்டர்?" தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. பார்க்க வேண்டியது கிலோ. அதுவும் பாக்ஸின் கிலோ இல்லை, காரின் கிலோ.

கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரோடு வந்த மேனுவலில் இருக்கும். பல கார்களுக்கு 50 முதல் 75 கிலோதான். அதில் பாக்ஸைத் தாங்கும் குறுக்குக் கம்பியும் பாக்ஸும் சேர்த்தி. 75 என்றே வைத்துக்கொள்வோம்: கம்பிகளுக்கு 5, பாக்ஸுக்கு 18 போனால் சாமானுக்கு மிஞ்சுவது 52. 400 லிட்டர் பெட்டியில் கண்டதையும் திணித்தால் இந்த 52 எப்போது தாண்டியது என்றே தெரியாது. அதனால் தலையணை, போர்வை, துணிப்பை மேலே. தண்ணீர் கேன், அடுப்பு, மளிகை எல்லாம் கீழே டிக்கியில். கூரையில் கனம் ஏறினால் வளைவில் வண்டி சாய்வது ஸ்டீயரிங்கிலேயே தெரியும். கொல்லிமலை ஏறுகிறவருக்கு அப்படி 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன.

இன்னொரு ஏமாற்றம், கூரையோரம் நீளவாக்கில் பளபளக்கும் கம்பி, அதாவது ரெயில். பல மாடல்களில் அது வெறும் அழகுக்கு. பாரம் ஏற்றக் கூடாது என்று மேனுவலே சொல்லும். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரும் யோசிக்காமல் மாட்டிக் கொடுத்துவிடுவார்.

மாட்டியதும் டிக்கிக் கதவை முழுக்கத் திறந்து பாருங்கள். நீளமான பாக்ஸ் என்றால் கதவு போய் இடிக்கும். சன்ரூஃப் இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், கம்பியில் தட்டலாம். பாக்ஸின் மூடி இடப்பக்கம் திறக்கிற மாதிரி இருப்பது நல்லது. நெடுஞ்சாலையில் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, லாரிகள் பறக்கும் பக்கம் நின்று பை எடுக்க முடியாது.

கிளம்பி 50 கிலோமீட்டரில் எப்படியும் டீக்கு நிறுத்துவோம். அப்போது பாக்ஸைக் கம்பியோடு பிடித்திருக்கும் கிளாம்ப்களை ஒருமுறை இறுக்குங்கள், ஓட்டத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பாக்ஸ் மழைக்குத் தாங்கும் என்று நம்பிப் பட்டுப்புடவையை அப்படியே வைக்காதீர்கள். காற்றோடு அடிக்கும் மழை மூடி இடுக்கில் புகும்; பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள்.

உயரம் எல்லோருக்கும் மறந்துபோகும். 1.6 மீட்டர் கார், கம்பியும் பாக்ஸும் சேர்ந்தால் 2 மீட்டரைத் தாண்டிவிடும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நுழைகிற நேரத்தில் மேலே பெட்டி இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்? மொத்த உயரத்தைச் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் கழற்றிவிடுங்கள். காலியாக இருந்தாலும் காற்றைத் தடுத்து மைலேஜைத் தின்னும். கழற்றி எங்கே வைப்பது என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 2 மீட்டர் நீளப் பெட்டி பரணில் ஏறாது. மொட்டை மாடி வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வெளிறி விரிசல் விடும்.