தொப்பூர் இறக்கத்தில் ஒரு சாய்வு

பாலக்கோட்டில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 3எக்ஸ் + 4ஒய் = 24 என்று போர்டில் எழுதி, அந்தக் கோட்டின் சாய்வு (எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு மாறுகிறது என்பது) கேட்டால், பாதிப் பேர் பட்டென்று "மூணு" என்பார்கள். எக்ஸுக்கு முன்னால் நிற்பதுதான் சாய்வு என்று மனதில் பதிந்திருக்கிறது. தப்பில்லை, ஆனால் ஒய் தனியாக நிற்கும்போதுதான் அது செல்லும்.

அதனால் முதல் வேலை ஒய்யைத் தனியாக்குவது. 3எக்ஸ் அந்தப் பக்கம் போனால் குறி மாறும்: 4ஒய் = −3எக்ஸ் + 24. இனி எல்லாவற்றையும் 4-ஆல் வகுத்தால், ஒய் = −(3/4)எக்ஸ் + 6. எக்ஸின் கெழு, அதாவது அதற்கு முன்னால் நிற்கும் எண், −3/4. அதுதான் சாய்வு. (24-ஐ வகுக்க மறந்தாலும் சாய்வு தப்பிக்கும், வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.)

அந்தக் கழித்தல் குறி எதற்கு? தர்மபுரியில் சேலம் பஸ் ஏறினால் தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும் அல்லவா, அதற்கு. வலப்பக்கம் 4 கட்டம் போனால் கீழே 3 கட்டம். நிஜத்தில் ரோடு இவ்வளவு சரிந்தால் ஒரு லாரியும் பிரேக்கில் நிற்காது.

"சேலத்திலிருந்து திரும்பி வந்தா ஏத்தம்தானே மிஸ், சாய்வு மாறிடாதா?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றைய வகுப்பே அதில் போய்விட்டது. எக்ஸ் 0 என்றால் ஒய் 6. ஒய் 0 என்றால் எக்ஸ் 8. ஆக (0, 6), (8, 0) இரண்டும் கோட்டின் மேல் இருக்கின்றன. போகும்போது ஒய் 6 குறைகிறது, எக்ஸ் 8 கூடுகிறது: −6/8, அதாவது −3/4. திரும்பும்போது ஒய் 6 கூடுகிறது, எக்ஸ் 8 குறைகிறது: 6/−8. அதே −3/4! எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் சரி. பின்னத்தின் மேலே ஒரு புள்ளியிலும் கீழே இன்னொரு புள்ளியிலும் தொடங்கினால்தான் குறி கெடும்.

குறுக்கு வழியும் உண்டு: எக்ஸின் கெழுவை ஒய்யின் கெழுவால் வகுத்து, முன்னால் கழித்தல் போடுங்கள். ஆனால் இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். 2எக்ஸ் = 5ஒய் + 10 என்று வந்தால் அவசரப்பட்டு −2/5 எழுதாதீர்கள். 2எக்ஸ் − 5ஒய் = 10 என்று மாற்றினால் விடை 2/5.

அப்புறம், ஒய் = 5 படுத்த கோடு, சாய்வு 0. எக்ஸ் = 3 நிமிர்ந்த கோடு; அங்கே தனியாக்க ஒய்யே இல்லை. "வரையறுக்க இயலாது" என்று எழுதுங்கள், 0 போட்டால் மதிப்பெண் போய்விடும்.