மொரீசியஸில் எக்கோ கிளியை அடையாளம் காண்பது எப்படி?

மொரீசியஸில் பறவை பார்க்கச் செல்வோர், அத்தீவுக்கே உரிய எக்கோ கிளியையும், மனிதரால் கொண்டுவரப்பட்டு அங்கே பரவிவிட்ட நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளியையும் முதலில் பிரித்தறியப் பழகிக்கொள்வது நல்லது. செந்தார்ப் பைங்கிளியில் ஆண், பெண் இரண்டுக்கும் மேலலகு சிவப்பாக இருக்கும். எக்கோ கிளியில் ஆணின் மேலலகு மட்டுமே சிவப்பு, வளர்ந்த பெண்ணின் அலகு கருமை. ஆனால், கூட்டைவிட்டு வெளிவந்த புதிதில் எக்கோ கிளியின் குஞ்சுகளுக்கும் அலகு செம்மையாகவே இருப்பதால், அதை மட்டும் வைத்து முடிவுசெய்துவிடக் கூடாது. அடர்பச்சை உடல், குட்டையான வால், அகன்ற சிறகுகளின் நிதானமான அடிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும்விடக் குரலையே நான் பெரிதும் நம்புவேன். மரக்கிளைகளின் நிழலில் நிறம் ஏமாற்றலாம், எக்கோ கிளியின் தாழ்ந்த, கனத்த குரல் ஏமாற்றாது.

1980களில் இருபதுக்கும் குறைவாகச் சுருங்கி, பெரும் உழைப்பால் மீட்கப்பட்ட இப்பறவையைத் தேட, தென்மேற்கிலுள்ள பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவே சிறந்த இடம்.

ஃபோடி குருவிகளிலும் இதே குழப்பம் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுக்கச் சிவந்திருக்கும் ஆண், மடகாஸ்கரிலிருந்து வந்த இனம். தலை, மேல்மார்பு, பிட்டம் மட்டும் சிவந்திருப்பதே மொரீசியஸின் சொந்தப் பறவை.