அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட்டுக்கு எட்டுப் பேர் ட்ரோ-ட்ரோவில் போவது எப்படி

கும்பலாகக் கானா வருகிறவர்கள், தலைநகர் அக்ராவிலிருந்து கடற்கரை ஊரான கேப் கோஸ்ட்டுக்குப் போக முதல் வேலையாக ஒரு ஏசி வேனைப் பேசி முடித்துவிடுகிறார்கள். வேண்டாம். ட்ரோ-ட்ரோவில் போங்கள். பின்கண்ணாடியில் பைபிள் வாசகமோ பழமொழியோ எழுதிய பழைய வேன்தான் அது. நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். நான் மூன்று முறை நண்பர்களை இப்படித்தான் கூட்டிப் போனேன்.

ஊருக்குள் எட்டுப் பேரும் ஒன்றாக நிற்காதீர்கள். முதல் முறை சர்க்கிளுக்கு, அதாவது அக்ராவின் பெரிய சந்திப்புக்கு, போகச் சாலையோரம் அப்படித்தான் நின்றோம். வந்த வண்டியிலெல்லாம் இரண்டு இடம், மூன்று இடம்தான். பொறுமை போய் ஐந்து பேர் ஒன்றில் ஏறிவிட்டோம். கீழே நின்ற மூன்று பேரிடமும் உள்ளூர் சிம் இல்லை. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துதான் போவோம். ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரு சிம், சின்ன நோட்டுகள், சேர வேண்டிய இடத்தின் பெயர் இருக்கும். அக்ராவின் பழைய பகுதியான ஜேம்ஸ்டவுனில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கத்தடியில் கூடுவது சுலபம், யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வண்டியை நிறுத்தக் கை ஜாடை உண்டு. ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கி வட்டமாகச் சுழற்றினால் சர்க்கிள் என்று அர்த்தம்.

வெளியூர் போகும்போது கணக்கே மாறும். அக்ராவில் கேப் கோஸ்ட் வண்டிகள் நிற்கும் கனேஷி ஸ்டேஷனில் பாதி நிரம்பிய வண்டியாகப் பார்த்து எட்டுப் பேரும் ஏறினால் உடனே கிளம்பிவிடும். கேப் கோஸ்ட் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்புங்கள், வழியில் இருக்கும் கசோவாவில் நெரிசல் பிடித்துக்கொண்டால் அரை நாள் போய்விடும்.

ஊருக்குள் ஓடும் வண்டியில் காசு கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேட், அதாவது நடத்துநர், கதவருகே இருப்பார். பின்வரிசையிலிருந்து நோட்டு கைமாறிக் கைமாறி அவரிடம் போகும். சில்லறை உடனே வராது. பதற வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பது அவர் தலையில் இருக்கிறது. இரண்டு நிறுத்தம் கழித்து அதே கைகள் வழியாக உங்களிடம் வந்து சேரும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்தான். இடது கையை நீட்டினால் முகம் சுருங்கிவிடும்.

வழிச் சாப்பாட்டுக்குக் கென்கே வாங்குங்கள். புளிக்கவைத்த மக்காச்சோள மாவை உருட்டி வேகவைத்தது, ஷிட்டோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கோடும் பொரித்த மீனோடும் தின்பார்கள். அக்ராவில் அது சோளத்தோலில் சுற்றி வரும். கேப் கோஸ்ட்டுக்குச் சற்று முன்னால் யமொரன்சாவில் ஜன்னலோரம் நீட்டுவார்களே, அது காய்ந்த வாழையிலையில் சுற்றியிருக்கும். இலை மாறினால் கா மக்களின் நாட்டைத் தாண்டி ஃபான்டே நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

கேப் கோஸ்ட்டுக்கு வடக்கே இருக்கும் ககும் காட்டுக்கு மட்டும் டாக்ஸியை முழுசாகப் பேசுங்கள். அதற்கு அங்கே ‘டிராப்பிங்’ என்று பெயர். மர உச்சிகளுக்கிடையே ஏழு தொங்கு நடைபாலங்கள், மொத்தம் 350 மீட்டர். காலையிலேயே போனால் கூட்டமில்லை. பக்கத்து ஊரான எல்மினாவின் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் வருவதும் போவதும் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று கடலுக்குப் போவதில்லை என்பது கட்டுப்பாடு. அங்குள்ள கோட்டை 1482-ல் போர்ச்சுக்கீசியர் கட்டியது.

கேப் கோஸ்ட் கோட்டையை அவசரப்படாமல் பாருங்கள். அடிமைகளாகப் பிடித்த ஆண்களை அடைத்துவைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்தது. வழிகாட்டி அதைச் சொன்னபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடிமைகளைக் கப்பலேற்றிய ‘திரும்பா வாசல்’ வழியாக வெளியே போனால் மீனவர்கள் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அந்த வாசலின் வெளிப்புறம் ‘திரும்பும் வாசல்’ என்று எழுதியிருக்கிறது. அங்கே குழுவாகப் படம் எடுக்கச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள். தனியாக நிற்க விரும்புகிறவரை நிற்க விடுங்கள். மூன்று மணிக்கு நுழைவாயிலில் கூடினால், இருட்டுவதற்குள் அக்ரா வண்டியைப் பிடித்து நெடுஞ்சாலையில் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.