ஜோகூர் பாருவில் பல் சிகிச்சை: சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாகச் செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் நிலையில், பல் சிகிச்சைக்காகச் சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடந்து செல்வது பெரும்பாலான நேரங்களில் லாபமாகவே முடிகிறது. எனினும் அந்த லாபம் சிகிச்சையின் வகையையும் எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதையும் பொறுத்தது. ஆகவே மருத்துவமனையைத் தேடும் முன்னர், பல்லுக்கு என்ன தேவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 1: சிங்கப்பூரிலேயே ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்

இது வீண் செலவு என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. முழுவாய் எக்ஸ்ரே எடுத்து அதன் நகலையும், எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை என்ற எழுத்துக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். பற்களை மருத்துவர்கள் ஈரிலக்க எண்ணால் குறிப்பார்கள். 36 என்றால் கீழ்த்தாடையின் இடப்புறத்து முதல் பெரிய கடைவாய்ப்பல். அந்த எண் உங்கள் கையில் இருந்தால், வேறோர் இடத்தில் திடீரென்று நான்கு பற்களுக்கு உறை போடச் சொல்லும்போது ஏன் என்று கேட்க முடியும்.

சிங்கப்பூர் அரசின் மருத்துவக் கட்டணச் சலுகை அட்டையான சாஸ் அட்டை வைத்திருப்பவர்கள் அதன் சலுகை சிங்கப்பூரில் பங்கேற்கும் மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கும் என்பதையும், இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) போன்ற அறுவை சிகிச்சைகளுக்கு அங்கீகாரம் பெற்ற இடங்களில் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்த முடியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றைக் கழித்துப் பார்த்தால், சிலருக்கு எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமே இருக்காது.

படி 2: அந்தச் சிகிச்சை பயணத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள்

பல் சுத்தம் செய்வதும் சொத்தைப் பல்லை அடைப்பதும் பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்பதால், முதன்முறை செல்பவர்கள் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. வேர்ச் சிகிச்சைக்கு ஒன்று முதல் மூன்று அமர்வுகள் வரை ஆகலாம். கடைவாய்ப்பல்லாக இருந்தால் அதன்பின் உறையும் போட வேண்டியிருக்கும். உறைக்காகப் பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து, ஆய்வுக்கூடத்திலிருந்து உறை வந்து சேர வழக்கமாக ஓரிரு வாரங்கள் பிடிக்கும். அதுவரை தற்காலிக உறையோடு இருக்க வேண்டும்.

இம்பிளாண்ட் வேறு கதை. டைட்டேனியம் எலும்போடு பிணைந்துகொள்ளும் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரானமார்க் 1950களில் கண்டறிந்து, 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அந்தப் பிணைப்பு உறுதிப்பட இன்றைக்கும் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. எனவே ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக விளம்பரம் சொன்னால், எதை முடித்துத் தருவார்கள் என்று விளக்கமாகக் கேளுங்கள். பற்களைச் சீர்படுத்தும் கம்பி ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை முறுக்கப்பட வேண்டியது. இடையில் வேலை மாறி ஊர் திரும்ப நேரிடக்கூடிய வேலை அனுமதிக்காரர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: மருத்துவரைச் சரிபாருங்கள்

ஜோகூரில் 'கிளினிக் பெர்கிகியான்' என்ற பலகையைக் கண்டால் அது பல் மருத்துவமனை. மலேசியாவில் பல் மருத்துவர் எவரும் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்; சான்றிதழையும் நேரில் காட்டச் சொல்லலாம். அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் பல் கம்பியும் ஒட்டுப்பற்களும் போட்டுவிடும் உரிமமற்றவர்கள் அங்கே நெடுநாள் தொல்லையாக இருப்பதால், இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள்.

படி 4: கட்டணத்தை எழுத்தில் வாங்கிக் கணக்குப் போடுங்கள்

எக்ஸ்ரே, மயக்க ஊசி, தற்காலிக உறை, மருந்து ஆகியவை கட்டணத்தில் அடக்கமா, உறை உலோகத்தின்மேல் பீங்கானா அல்லது உலோகமில்லாத சிர்கோனியா வகைப் பீங்கானா, உடைந்தால் எத்தனை மாதங்களுக்குள் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்பவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

கணக்கு விளங்குவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். உறைக்குச் சிங்கப்பூரில் 900 வெள்ளி, ஜோகூரில் 1,200 ரிங்கிட் கேட்கிறார்கள். ஒரு வெள்ளி 3.2 ரிங்கிட் என்றால் அது 375 வெள்ளி, மிச்சம் 525. மூன்று முறை போய்வரப் பயணத்துக்கு 45, சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாளுக்கு 240 என்றால் கையில் நிற்பது 240 வெள்ளிதான். உறை சரியாகப் பொருந்தாமல் மேலும் இருமுறை போனால் அதுவும் கரைந்துவிடும். மாறாக, குடும்பத்தில் நான்கு பேரும் ஒரே நாளில் பல் சுத்தம் செய்துகொண்டு வந்தால் லாபம் தெளிவாகத் தெரியும்.

படி 5: பயண ஆவணங்கள்

கடவுச்சீட்டு ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களைத் தவிர மற்ற நிரந்தரவாசிகளும் வேலை அனுமதிக்காரர்களும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலியானது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு அளிக்கப்பட்டுவந்தாலும், அது காலவரம்புக்கு உட்பட்டது என்பதால் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரலுக்கு ரயில் ஐந்தே நிமிடம்தான், ஆனால் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும். 2025 ஜனவரி முதல் ஜோகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறிவிட்டதால், இருபுறக் கூட்டமும் அந்த நாட்களிலேயே சேரும்; முடிந்தால் வார நாளின் காலையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: சிகிச்சை நாளன்றும் அதன் பின்னரும்

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நீரிழிவு, ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கிய நாளில் பஞ்சைக் கடித்தபடி குடிநுழைவு வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்பது கொடுமை என்பதால், ஞானப்பல் அறுவைக்குச் சென்றால் ஓர் இரவு அங்கேயே தங்குவது மேல். வீக்கம் இரண்டு மூன்று நாட்கள் கூடிய பின்னரே வடியத் தொடங்கும். அதற்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஜோகூருக்குத் திரும்பிப் போகக் காத்திராமல் சிங்கப்பூரிலேயே மருத்துவரைப் பாருங்கள். அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் ரசீது, எக்ஸ்ரே நகல், இம்பிளாண்ட் என்றால் அதன் நிறுவனப் பெயரும் அளவும் தொகுதி எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் திருகு தளர்ந்தால், அந்தச் சீட்டு இல்லாமல் பொருத்தமான கருவியைத் தேடுவது வேறு மருத்துவருக்குப் பெரும்பாடு.

என்னுடைய தற்காலிக உறை, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு முறுக்கோடு சேர்ந்து கழன்று வந்தது. அப்படி நேர்ந்தால் கடையில் விற்கும் பசையால் ஒட்ட முயலாமல், உறையைச் சிறு டப்பாவில் பத்திரப்படுத்தி, மருத்துவமனைக்குப் படம் அனுப்பிவிட்டு, அவர்கள் சொல்லும் வரை மறுபக்கத்தால் மென்று சாப்பிடுங்கள்.