இடிப்பு வேலையில் அடிபட்டால்: முதல் மணி நேரத்திலிருந்து இழப்பீடு வரை

பழைய வீட்டை இடிக்கும் காண்ட்ராக்ட் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். கம்பி, மரம், செங்கல் எல்லாம் காண்ட்ராக்டருக்கு, காலி மனை உரிமையாளருக்கு. ஆள் கூட்டி வருபவர் மேஸ்திரி. வருகைப் பதிவேடும் இருக்காது, சம்பளச் சீட்டும் இருக்காது. சுவர் விழுந்து ஒருவர் அடிபட்டால் அன்றிரவே இடிபாட்டை லாரியில் அள்ளிவிடுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் தடமே இருக்காது. எனவே முதல் இரண்டு நாளில் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் இழப்பீட்டைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஏன் விழுந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்

புகாரில் "சுவர் விழுந்தது" என்று மட்டும் எழுதினால் "எதிர்பாராத விபத்து" என்று பதில் வரும். விழுந்த காரணத்தையும் எழுதுங்கள்.

கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே இடிக்க வேண்டும். சீக்கிரம் முடிக்க அடிச் செங்கலைப் பெயர்த்துச் சுவரைச் சாய்க்கிறார்கள். அது நினைத்த பக்கம் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆளைக் கொல்லும் இன்னொன்று சன்ஷேடு. லிண்டலோடு (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள உத்தரம்) சேர்த்து வார்த்து வெளியே நீட்டியிருக்கும் அந்தப் பலகையை, மேலே நிற்கும் சுவரின் பாரம்தான் அழுத்திப் பிடித்திருக்கிறது. முட்டுக் கொடுக்காமல் மேல்சுவரை எடுத்துவிட்டால் சன்ஷேடு லிண்டலோடு புரண்டு விழும், அதன்மேல் நின்று சம்மட்டி அடிப்பவரும் கூடவே விழுவார். கீழிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது தனிச் சாரத்தில் நின்று சன்ஷேடை முதலில் உடைக்க வேண்டும்.

மூன்றாவது, மேல்தளத்தில் இடிபாட்டைக் குவிப்பது. வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நடமாட்டச் சுமைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு கன மீட்டர் இடிபாடு ஒரு டன்னுக்கு மேல் எடையிருக்கும். ஒரு அடி உயரத்துக்குக் குவித்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும்.

மின் இணைப்பைத் துண்டிக்காதது, இயந்திரம் வைத்து இடிக்கும்போது கட்டட உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குத் தடுப்பு வைக்காதது, ஹெல்மெட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் தராதது: இவையும் விதிமீறல்கள்தான். கட்டட இடிப்புக்கென்றே ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது.

மருத்துவமனையில் சொல்லும் ஒரு வாக்கியம்

108-ஐ அழையுங்கள். கை, கால் இடிபாட்டில் நெடுநேரம் சிக்கியிருந்தால் எவ்வளவு நேரம் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம், பாரத்தைத் தூக்கியதும் இதயத்தைப் பாதிக்கலாம்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். உடன் வந்த மேஸ்திரி "பைக்கிலிருந்து விழுந்துட்டான்", "வீட்டு மாடியில் வழுக்கிட்டான்" என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் பின்னாளில் வழக்கை உடைப்பார்கள். எந்தத் தெருவில், யாருடைய கட்டடத்தை இடிக்கும்போது, எத்தனை மணிக்கு, எது விழுந்தது என்பதை அடிபட்டவரோ குடும்பத்தாரோ சொல்லி எழுத வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை வேலை கொடுத்தவர் தனியாகத் தர வேண்டும், இழப்பீட்டில் கழிக்கக் கூடாது.

காவல் நிலையமும் ஆதாரமும்

மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 106-வது பிரிவில் வழக்குப் பதிய வேண்டும். கட்டடத்தை இடிப்பதில் கவனக்குறைவு என்பதற்கே 290 என்று தனிப் பிரிவு இருக்கிறது. புகார் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

அன்றே படம் எடுங்கள்: விழுந்த சுவர், முட்டு இல்லாத இடம், ஜேசிபியின் நம்பர் பிளேட். வேலைக்கு இருந்ததற்குச் சாட்சி ஜிபேயில் வந்த கூலி, மேஸ்திரியின் வாட்ஸ்அப் குரல் பதிவு, எதிர்வீட்டு சிசிடிவி, கூட வேலை செய்தவர்கள். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கூட இருந்த சித்தாள், பெரியாள்களின் ஊரையும் செல்பேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் அவர்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஈமச்சடங்கு முடிவதற்குள் ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொண்டுவந்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று பத்திரத்தில் கைநாட்டு வாங்க வருவார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரணத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும், வீட்டில் கொடுத்த பணம், மூன்று மாதக் கூலி வரையிலான முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்காகாது. ஏற்கெனவே கைநாட்டு வைத்துவிட்டவர்களும் மனுப் போடலாம்.

"குடிச்சிருந்தான்" என்பது அடுத்த வாதம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதம் எடுபடாது.

தொகை எப்படி வருகிறது

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய விபத்துக்கு 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். கணக்கு முறை ஒன்றே: மாதக் கூலியில் மரணத்துக்கு 50%, நிரந்தர முழு ஊனத்துக்கு 60%, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் கூலிக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது 15,000 ரூபாய் ஆனது. மனுப் போடும்போது நடப்பு வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

35 வயதுக்குக் காரணி 197.06. கூலி 15,000 என்றால் மரணத்துக்கு 7,500 × 197.06 = 14,77,950 ரூபாய். முழு ஊனத்துக்கு 17,73,540. கைக் கட்டைவிரல் போனால் சட்டத்தின் ஊன அட்டவணைப்படி முழு ஊனத் தொகையில் 30%, அதாவது 5,32,062. வேலை கொடுத்தவர் நாள்கூலியை 300 என்று சொல்வதும் நீங்கள் 700 என்று நிரூபிப்பதும் லட்சக்கணக்கில் வித்தியாசம் தரும். ஜிபே பதிவு இங்கேதான் கைகொடுக்கும்.

அட்டவணைச் சதவீதத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு, அந்தத் தொழிலை இனிச் செய்யவே முடியாது என்பதால் உச்ச நீதிமன்றம் 1975-இல் 100% இழப்பாக ஏற்றது. சம்மட்டி தூக்கிப் பிழைப்பவருக்கும் இதே வாதத்தை வையுங்கள்.

தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25% வரும். ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர் இந்த வழியில் போக முடியாது, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

மனு

மேஸ்திரி, காண்ட்ராக்டர், உரிமையாளர் அல்லது பில்டர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தன் தொழிலின் பகுதியான வேலையைக் கீழ்க் காண்ட்ராக்டில் விட்ட பில்டரும் பொறுப்பு. சொந்த வீட்டை இடிக்கக் கொடுத்தவரின் பொறுப்பு வழக்குக்கு வழக்கு மாறும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சென்னையில் அடிபட்டவர் திருவண்ணாமலையிலோ ஒடிசாவிலோ போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. ஒரு மாதத்துக்குள் தொகையைச் செலுத்தாமல் இழுத்தடித்தால் வட்டியும், 50% வரை அபராதமும் சேரும். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமானால் வேலை கொடுத்தவர் தீர்ப்புத் தொகையை முதலில் கட்ட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம், உதவி எண் 15100. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் விபத்து உதவி இழப்பீட்டிலிருந்து தனி. ஒன்றை வாங்கினால் மற்றது போகாது. பணியிட மரணத்துக்கான வாரிய உதவி, பதிவு செய்யாதவரின் குடும்பத்துக்கும் உண்டு.