புல்வெளியில் கறுத்துப்போகும் காளான்: கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே புல்வெளியில் சிவப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, கரி பூசியதுபோல ஒன்று. மூன்று வகை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்றுமே ஹைக்ரோசைபி கோனிக்கா என்ற ஒரே காளான்தான் என்று விளங்க எனக்கு இரண்டு பருவம் ஆனது.

1. குடையைப் பாருங்கள். இளசில் கூம்பு வடிவம். விரிந்த பிறகும் நடுவில் ஒரு மேடு மிஞ்சும். அகலம் பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

2. அடியோடு எடுத்துத் திருப்புங்கள். குடையின் அடியிலுள்ள செவுள்கள் (மெல்லிய தகடுபோன்ற மடிப்புகள்) வெளிறி, தடித்து, தேய்த்தால் மெழுகுபோல இருக்கும். தண்டு நார்நாராக இருக்கும். வளையமோ அடியில் உறையோ இருக்காது.

3. தண்டின் அடியை நகத்தால் கீறுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். கீறினேன், ஒரு நிமிடம் பார்த்தேன், கறுக்கவில்லை, 'இது வேறு' என்று தூக்கிப் போட்டுவிட்டேன். அவசரப்படாதீர்கள். ஓரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்புறம் மறுநாள் காலையிலும் பாருங்கள். தண்டின் அடி, குடையின் விளிம்பு என்று கறுப்பு ஏறிக்கொண்டே போகும். இதில் டோப்பா என்ற சேர்மம் உண்டு. காயம் பட்டதும் காற்றோடு வினைபுரிந்து கறுக்கிறது. நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதற்கு இது பங்காளி முறை!

4. வித்துத்தூள் (செவுள்களிலிருந்து உதிரும் நுண்தூள்) வெள்ளையாக விழ வேண்டும். குடையைக் கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்து இரவு முழுக்க மூடி வையுங்கள். பலர் கறுப்புத் தாள் என்பார்கள்; எனக்குக் கண்ணாடிதான். எந்த நிறப் பின்னணியிலும் வைத்துப் பார்க்கலாமே. காளானை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலியைவிட இது எவ்வளவோ மேல்.

பிற்சேர்க்கை: "எல்லாமே கறுத்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறார். அது அழுகல், கொழகொழப்பும் நாற்றமும் காட்டிக்கொடுத்துவிடும். காகிதப் பையில் போடுங்கள். இன்னொருவருடைய மஞ்சள் கூம்பு மறுநாளும் மஞ்சளாகவே இருந்ததாம். ஹைக்ரோசைபி அக்யூட்டோகோனிக்கா என்ற உறவு இனமாக இருக்கலாம். அதன் தண்டடி சற்றுச் சாம்பலாவதுண்டு, முழுதாகக் கறுக்காது.

சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். நஞ்சு என்ற சந்தேகம் கோனிக்காவின்மேல் உண்டு.

இன்னொன்று. மரபணு ஆய்வுகளின்படி கோனிக்கா என்ற இந்தப் பெயருக்குள்ளேயே பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. அதனால் நான் இப்போது குறிப்பேட்டில் 'கோனிக்கா குழு' என்றுதான் எழுதுகிறேன்.