ஆண்ட்ராய்டு போனில் உள்ள படங்களைக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்கு எடுப்பது எப்படி?

போன் நிறைந்துவிட்டால், படங்களை வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பிக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்பவர்கள் உண்டு. அப்படி அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் அழிந்துவிடும். கேபிளில் எடுத்தால் அசல் படம் அப்படியே வரும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான வழி இது.

முதலில் கேபிளைப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டுமே ஆன கேபிளில் டேட்டா போகும் கம்பிகள் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை என்றால், வேறெதையும் நோண்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

போனின் பூட்டைத் திறந்துவிட்டுச் செருகுங்கள். திரையை மேலிருந்து கீழே இழுத்தால், யுஎஸ்பி வழியே சார்ஜ் ஆகிறது என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டால் 'அலோ' கொடுங்கள். முன்பின் தெரியாத இடத்தில் சார்ஜ் போட்டாலும் உங்கள் ஃபைல்களை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், போன் முதலில் சார்ஜ் மட்டும் ஏற்றுகிறது.

இனி கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனோடு ஆங்கில 'ஈ' (E) எழுத்தை அழுத்தி, 'திஸ் பிசி'க்குள் போங்கள். போனின் பெயர் அங்கே இருக்கும். திறந்தால் காலியாக இருக்கிறதா? போன் பூட்டியிருக்கிறது, அல்லது இன்னும் சார்ஜிங்கிலேயே நிற்கிறது. மெமரி கார்டு போட்டிருந்தால் அது தனியாகத் தெரியும்.

பலரும் திணறுவது படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதில்தான். கேமராவில் எடுத்தவை 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் 'கேமரா'வில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுகள் சில போன்களில் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரிலும், சிலவற்றில் 'டிசிஐஎம்' ஃபோல்டரிலும் சேரும். பிரவுசரில் இறக்கியவை 'டவுன்லோட்' ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள்தான் ரொம்ப ஆழத்தில் கிடக்கும்: 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்', பிறகு 'வாட்ஸ்அப்', மறுபடி 'மீடியா', கடைசியில் 'வாட்ஸ்அப் இமேஜஸ்'. நீங்கள் அனுப்பியவை அதற்குள்ளேயே 'சென்ட்' என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய போன்களில் வாட்ஸ்அப் ஃபோல்டர் வெளியிலேயே தெரியும். வாட்ஸ்அப் படத்தின் பெயரில் 20240115 என்று இருந்தால் அது 2024 ஜனவரி 15 அன்று வந்தது. தேடும்போது இது கைகொடுக்கும்.

வேண்டியதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-சி, கம்ப்யூட்டரில் புது ஃபோல்டர் திறந்து கன்ட்ரோல்-வி. ஒருபோதும் 'கட்' செய்யாதீர்கள். பாதியில் கேபிள் ஆடினால் எது வந்தது, எது போனது என்று தேடித் திண்டாட வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் 300, 400 படங்களாகப் பிரித்து எடுங்கள். யுஎஸ்பி 2.0 போனில் நொடிக்கு 30 எம்பி அளவுக்கு வந்தால் 10 ஜிபி வீடியோவுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். அதே 10 ஜிபி சின்னச் சின்னப் படங்களாக இருந்தால் நேரம் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபைலுக்கும் போனும் கம்ப்யூட்டரும் தனித்தனியே பேசிக்கொள்கின்றன. அதுவரை கேபிளை அசைக்காதீர்கள். நடுவில் நின்றுபோனால் கழற்றி, வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டரில் பின்பக்கத் துளை நல்லது.

வந்த படங்களில் சிலவற்றுக்கு இன்றைய தேதி காட்டினால் பதறாதீர்கள். அது நகலெடுத்த தேதி. வரிசைப்படுத்தும்போது 'டேட் டேக்கன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கேமரா படங்களுக்கு எடுத்த தேதி சரியாக வரும்.

இரண்டு பக்கமும் ஃபோல்டர்மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராபர்ட்டீஸ்' பார்த்து, ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு பெரிய வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகே போனில் அழியுங்கள், அதுவும் போனின் கேலரியிலிருந்து. கம்ப்யூட்டர் வழியே அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாகப் போய்விடும்.